கடல் இலவசம், குடைக்குக் காசு

இத்தாலியின் கிழக்குக் கரையில், ஏட்ரியாட்டிக் கடலோரம் இருக்கிறது ரிமினி. இத்தாலியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடை விடுமுறைக்கு மூட்டை கட்டும் ஊர். ஓட்டல்கள் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் இருக்கும். அங்கே அறை போடலாமா என்று யோசிப்பவர்கள், போட்டுவிட்டுக் கவலைப்படுபவர்கள், தங்கி வந்து பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் என மூன்று தரப்பும் கேட்ட கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: அறை, காலை உணவு, இரவு உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டினோம். கடற்கரைக்குப் போனால் குடைக்குத் தனியாகக் கேட்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, ஏற்பாடு. ரிமினியில் ஓட்டல்காரர் வேறு, கடற்கரைக்காரர் வேறு. ஓட்டல்காரரின் ராஜ்யம் சாலையின் இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். அந்தப் பக்கத்து மணல், ‘பாஞ்ஞோ’ எனப்படும் குளியல் நிலையங்களாகத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். குடை, சாய்வுப் படுக்கை, உடை மாற்றும் அறை எல்லாம் அவர்கள் பொறுப்பு, அவர்கள் கல்லா. ஒரு குடைக்கும் இரண்டு படுக்கைக்கும் நாளொன்றுக்கு 20, 30 யூரோ கேட்பது சாதாரணம். கடலை ஒட்டிய முதல் வரிசைக்குக் கூடுதல் விலை. பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

பல ஓட்டல்கள் பக்கத்துப் பாஞ்ஞோவோடு பேசி வைத்திருக்கும். அறைச் சாவியைக் காட்டினால் தள்ளுபடி கிடைக்கும். ‘கடற்கரைச் சேவை உட்பட’ என்று பதிவில் எழுதியிருந்தால் மட்டுமே குடை தங்கும் கட்டணத்தில் அடங்கும். ‘கடற்கரைக்கு 50 மீட்டர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது தூரத்தைச் சொல்கிறது, கட்டணத்தைச் சொல்லவில்லை.

கேள்வி: அப்படியானால் அந்த மணல் யாருக்குத்தான் சொந்தம்?

அரசுக்கு. இத்தாலியச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. யாருக்கும் விற்க முடியாது, உரிமம்தான் கொடுக்கலாம். அந்த உரிமம் அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஓடிக்கொண்டிருந்ததில், கொடுத்தது யார் என்பதே பலருக்கு மறந்து போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மறக்கவில்லை. 2006 இல் வந்த அதன் சேவைத் துறை நெறியாணை, இத்தகைய உரிமங்களைப் பொதுப் போட்டியில் விடச் சொல்கிறது. இத்தாலிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுவை நீட்டின. 2021 நவம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், 2023 முடிவோடு சரி, அதற்கு மேல் நீட்டக் கூடாது என்றது. 2024 இல் அரசு மறுபடியும் நீட்டியது, இந்த முறை 2027 செப்டம்பர் வரை.

நடுவில் கடற்கரைக்காரர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை குடைகளை விரிப்பதில்லை என்பது போராட்டம். விடுமுறைக்காரர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஓட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். உலகத் தொழிலாளர் வரலாற்றில் வாடிக்கையாளரின் தூக்கத்தை இவ்வளவு மதித்த போராட்டம் வேறு இருக்குமா என்பது ஆராயத்தக்கது.

கேள்வி: குடையே வேண்டாம், கால் நனைத்தால் போதும் என்பவருக்கு?

தாராளமாக நனைக்கலாம். நீர் விளிம்பு வரை போகவும் குளிக்கவும் எவரையும் உரிமக்காரர் தடுக்கக் கூடாது என்று 2006 இல் நிறைவேறிய நிதிச் சட்டமே சொல்கிறது. ஆனால் அங்கே துண்டை விரித்துப் படுத்தால் எழுப்பிவிடுவார்கள், அது நடைபாதை. படுக்கவும் வேண்டும், காசும் கூடாது என்றால் ‘ஸ்பியாஜா லீபெரா’ என்ற இலவசக் கடற்கரையைத் தேட வேண்டும். ரிமினியில் துறைமுகத்தின் அருகே ஒரு துண்டு உண்டு. நிழலைச் சொந்தமாகக் கொண்டு போக வேண்டும்.

கேள்வி: ‘அரைப் போஜனம்’ என்று ஓட்டல்காரர் சொன்னார். அரை வயிறா?

அரை நாள். காலை உணவும், மதியம் அல்லது இரவு ஏதாவது ஒரு வேளையும். ‘முழுப் போஜனம்’ என்றால் மூன்று வேளை. இரண்டிலும் குடிப்பது பெரும்பாலும் சேராது; தண்ணீர்ப் பாட்டில் உட்பட எல்லாம் பில்லில் ஏறும்.

குடும்பங்கள் நடத்தும் சிறிய ஓட்டல்களில் இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. காலையிலேயே இரவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும். கடலுக்குப் போகுமுன்னே இரவுப் பசியை ஊகிக்கத் தெரிந்தவர்தான் அங்கே நல்ல விருந்தாளி. இரண்டாவது, பாதி குடித்த ஒயின் பாட்டிலில் அறை எண்ணை எழுதி எடுத்து வைத்து, மறுநாள் அதே மேஜைக்குக் கொண்டுவருவார்கள். அடுத்த மேஜைக்காரர் நேற்று எவ்வளவு குடித்தார் என்பது இதனால் ஓட்டலுக்கே தெரிந்த விஷயம்.

கேள்வி: சுத்த சைவம் பிழைக்குமா?

பிழைக்கும், கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டால். காய்கறி வகைகளுக்குத் தனி மேஜையே இருக்கும், தக்காளிச் சாற்றில் பாஸ்தா எங்கும் கிடைக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரிமினி வட்டாரத்தின் புகழ்பெற்ற தட்டை ரொட்டியான பியாதீனாவை நம்மூர்ச் சப்பாத்தியின் உறவு என்று நம்பிக் கடித்துவிடுவார்கள். பழைய முறையில் அந்த மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் பியாதீனாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது ஆலிவ் எண்ணெய்க்கும் இடமிருந்தது. எனவே எண்ணெயில் செய்தது வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

பாஸ்தா மேல் தூவும் பார்மிஜானோ சீஸும் சைவமல்ல. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. தூவ வரும் பணியாளரின் கை வேகமானது, ‘வேண்டாம்’ என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: குளியலறைச் சுவரில் ஒரு கயிறு தொங்குகிறதே, துணி காயப் போடவா?

ஐயோ, இல்லை. அது அபாய மணி. ஷவரிலோ தொட்டியிலோ வழுக்கி விழுந்தால் இழுப்பதற்காக இத்தாலிய ஓட்டல் குளியலறைகளில் வைத்திருப்பது. துவைத்த வேட்டியை அதில் மாட்டினால் வேட்டி காய்வதற்குள் வரவேற்பறை ஊழியர் கதவைத் தட்டுவார், மாற்றிக் கட்ட வேட்டி இருக்காது.

கேள்வி: ஐரோப்பாவுக்குப் போனால் காகிதம்தானாமே? அந்த ஒரு கவலைதான்.

கவலையை இத்தாலியில் இறக்கி வைக்கலாம். வீடுகளில் குறைந்தது ஒரு குளியலறையிலாவது பிடே என்ற கழுவும் தொட்டி இருக்க வேண்டும் என்று 1975 ஜூலையில் சுகாதார அமைச்சகம் ஆணையே போட்ட நாடு அது. ஓட்டல் அறைகளிலும் கழிப்பறைக் கோப்பைக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும். அதைக் கால் கழுவும் தொட்டி என்று நினைத்து மணல் காலோடு ஏறுகிறவர்கள் உண்டு. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான். மணல்தான் குழாயை அடைக்கும்.

கேள்வி: வந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். சந்தேகப்படுகிறார்களோ?

எல்லோரையும் சமமாக. 1931 ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டம் ஓட்டல்காரர் தலையில் கட்டிய வேலை இது. விருந்தாளி வந்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் காவல் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். முசோலினி காலத்துச் சட்டம், இப்போது இணையம் வழியே ஓடுகிறது. குறித்துக்கொண்டதும் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிவிடலாம்.

கேள்வி: எல்லாம் கட்டி முடித்த பிறகும் கிளம்பும்போது சில யூரோ கேட்டார்கள். டிப்ஸா?

வரி. 2011 இலிருந்து இத்தாலிய நகராட்சிகள் தங்கும் வரி வசூலிக்கலாம். தலைக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு. ஓட்டலுக்கு நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு. முன்பதிவுத் தொகையில் இது பொதுவாகச் சேர்வதில்லை. வாசலில் வந்து வழிமறிப்பதால் டிப்ஸ் போலத் தோன்றுகிறது. வித்தியாசம், இதற்கு ரசீது உண்டு.

கேள்வி: ஃபெலினி படத்தில் வந்த கிராண்ட் ஓட்டலைப் பார்க்க ஆசை. இருக்கிறதா?

இருக்கிறது, படத்தில்தான் இல்லை. ரிமினி கிராண்ட் ஓட்டல் 1908 இல் திறந்தது. 1920 இல் அந்த ஊரில் பிறந்த ஃபெடரிகோ ஃபெலினிக்குச் சிறுவயதில் அது வெளியே நின்று ஏங்கிப் பார்க்கும் மாளிகை. அந்த ஏக்கத்தை 1973 இல் ‘அமார்கார்ட்’ படத்தில் வைத்தார், படம் ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் படத்தில் ஓட்டலாக நடித்தது ரோமுக்குத் தெற்கே ஆன்ஸியோவில் உள்ள வேறொரு கட்டடம். படத்தில் பெரிய கப்பல் மிதந்து வரும் கடலோ சினேசித்தா ஸ்டூடியோவில் விரித்த பிளாஸ்டிக். சொந்த ஊர்க் கடலைச் சொந்த ஊரில் எடுக்காத மனிதர்!

புகழ் வந்த பிறகு ஊருக்கு வந்தால் அவர் தங்கியது நிஜ கிராண்ட் ஓட்டலில்தான். 1993 ஆகஸ்டில் பக்கவாதம் தாக்கியபோதும் அங்கேதான் இருந்தார். அக்டோபர் இறுதியில் ரோமில் காலமானார். ஓட்டலுக்கு எதிரே இருக்கும் பூங்காவுக்கு இன்று அவர் பெயர். வெளியே நின்று பார்க்க இன்றும் கட்டணம் இல்லை.

கேள்வி: ரிமினியில் ஓட்டல் கட்டலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

முதலில் தோன்றியது மருத்துவம். 1843 ஜூலையில் பால்தீனி குடும்பத்துப் பிரபுக்களும் கிளாவ்தியோ தின்தோரி என்ற மருத்துவரும் சேர்ந்து அங்கே கடற்குளியல் நிலையம் திறந்தார்கள். உப்புநீரில் முங்குவது அப்போது சிகிச்சை. பணக்காரரின் மருந்து மெல்ல மெல்ல எல்லோரின் பொழுதுபோக்கு ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மீனவர்களும் விவசாயிகளும் வீட்டு மாடியைத் தங்கும் விடுதியாக்கினார்கள். வீட்டுப் பெண்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார்கள். ஊரே ஓட்டலானது அப்படித்தான்.

கேள்வி: நீச்சல் தெரியாது. போகலாமா?

ரிமினி நீச்சல் தெரியாதவர்களின் சொர்க்கம். கடல் நெடுந்தூரம் ஆழமே இல்லாமல் போகும். இடுப்பளவுத் தண்ணீரைத் தேடி நடந்தே களைத்துப் போகலாம். இருந்தாலும் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் இறங்கக் கூடாது. கரையில் மேடை மேல் உட்கார்ந்திருக்கும் உயிர்காப்பாளர் அலங்காரத்துக்கு இல்லை. நிஜ ஆபத்து கரையில்தான்: குளித்துவிட்டுத் திரும்பினால் எல்லாக் குடையும் ஒரே மாதிரி இருக்கும். பரீட்சை ஹாலில் போல எண்ணைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். குழந்தைகள் தொலைவது அங்கே பழைய கதை. 1946 இல் தொடங்கிய கடற்கரை ஒலிபெருக்கி, காணாமல் போன பிள்ளைகளின் பெயரையும் நீச்சல் உடையின் நிறத்தையும் பல தலைமுறைகளுக்கு அறிவித்திருக்கிறது. பாஞ்ஞோவின் எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: நினைவுக்குக் கொஞ்சம் மணல் எடுத்து வரலாமா?

சார்டினியாவில் என்றால் வேண்டவே வேண்டாம். அந்தத் தீவில் மணலோ கூழாங்கல்லோ அள்ளினால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். 2019 இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு ஜோடி 14 பாட்டில்களில் சுமார் 40 கிலோ மணலோடு துறைமுகத்தில் பிடிபட்டது. நினைவுப் பொருள் என்றார்கள். 40 கிலோ நினைவு!

சரி, மணலை விட்டு, கடற்கரையில் கூவி விற்கும் ‘பிராண்டு’ கைப்பை வாங்கலாமா என்றால் அங்கேயும் வலை உண்டு. போலிப் பொருள் வாங்குகிறவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் போட இடமிருக்கிறது. நீச்சல் உடையோடு கடைத்தெருவில் உலாத்தினால்? சொரெந்தோவில் 2022 இலிருந்து அதற்கும் 500 யூரோ வரை. இத்தாலியில் மலிவான நினைவுப் பொருள் அஞ்சலட்டைதான்.

கேள்வி: இத்தாலியக் கடற்கரையில் தமிழ் கேட்குமா?

சிசிலியின் பலெர்மோவில் கேட்கும். இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வேரூன்றிய நகரம் அது. மொந்தெல்லோ கடற்கரைக்கு மேலே நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில் நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழர்களோடு சைவத் தமிழர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி அந்த அம்மையை வணங்குகிறார்கள்.

கேள்வி: ஆகஸ்டில் போகலாம் என்று இருக்கிறோம். சரியா?

இத்தாலி முழுவதும் அதையே முடிவு செய்திருக்கிறது. ஆகஸ்ட் 15 ஃபெராகோஸ்தோ, மாதா விண்ணேற்பு நாள். அகஸ்டஸ் பேரரசர் காலத்து விடுமுறையின் வாரிசு. அந்த வாரத்தில் நகரங்களில் கடைகள் பூட்டியிருக்கும், கடற்கரையில் குடை இருக்காது, ஓட்டல்கள் ஆண்டின் உச்ச விலையைச் சொல்லும், ஒரு வாரத்துக்குக் குறைந்து அறை தர மறுப்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் போகலாம் என்றால் ஏராளமான ஓட்டல்கள் பருவம் முடிந்து சாத்தியிருக்கும். ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர் முதல் பாதியே பணத்துக்கும் தோலுக்கும் நல்லது. முன்பதிவு செய்யுமுன் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்றே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: குடை சேர்த்தியா, தண்ணீர் சேர்த்தியா, தங்கும் வரி தலைக்கு எவ்வளவு.