கெயினைக் குறை, கையைப் பழக்கு!

கே: மெட்டல் வாசிக்க எந்த கிட்டார் வாங்கலாம்?

ப: பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் பிக்கப் உள்ள எதையும். கரண்டு இரைச்சலைக் கொல்ல கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் வடிவமைத்தது அது. இரண்டு காயில், இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். தடித்த ஒலி இலவச இணைப்பு!

கே: 'வி' வடிவ கிட்டார் வாங்கினால் ஒலி கூடுதலாகக் கனக்குமா?

ப: கனக்காது. உட்கார்ந்தால் தொடையிலிருந்து வழுக்கும், அவ்வளவுதான். ஃப்ளையிங் வி வந்தது 1958-இல். அப்போது மெட்டல் பிறக்கவே இல்லை. ஆனாலும் ஆசைப்பட்டால் வாங்குங்கள். ஆசைப்பட்ட கிட்டாரைத்தான் தினமும் கையில் எடுப்பீர்கள்.

கே: ஆறு தந்தி போதுமா, எட்டுக்குப் போகலாமா?

ப: பிளாக் சபாத்தின் டோனி அயோமிக்கு 17 வயதில், பர்மிங்ஹாம் தொழிற்சாலை எந்திரத்தில் இரண்டு விரல் நுனி போனது, அதுவும் தந்தியை அழுத்தும் கையில். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கினார். எல்லாம் ஆறே தந்தியில். உங்கள் ஆறும் தீர்ந்துவிட்டதா?

கே: டிராப் சி வைத்தால் தந்தி தொளதொளக்கிறதே?

ப: 9-42 செட் போட்டிருப்பீர்கள். 11-54 போடுங்கள். கூடவே நட், இன்டோனேஷன் இரண்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கிட்டாரையே மாற்றுவதைவிட மலிவு.

கே: கெயின் எவ்வளவு வைக்க?

ப: இப்போது வைத்திருப்பதில் பாதி. உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் 'ஜுக் ஜுக்' என்று வெட்டுப்பட வேண்டும். 'ஜூஊஊ' என்று இழுத்தால், பிழையை மறைக்க டிஸ்டார்ஷன் வாங்கியிருக்கிறீர்கள்.

கே: மிட்ஸைப் பூஜ்யத்தில் வைத்தால் வீட்டில் அபாரமாக இருக்கிறது!

ப: மேடைக்கு வாருங்கள். கீழே பாஸும் கிக் டிரம்மும் உட்கார்ந்திருக்கும், மேலே சிம்பல். நடுவில்தான் கிட்டாருக்குக் குடியிருப்பு. அதையும் நீங்களே காலி செய்துவிட்டீர்கள்.

கே: டியூப் ஸ்க்ரீமர் ப்ளூஸ் பெடல்தானே, மெட்டல்காரர்களுக்கு எதற்கு?

ப: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. டிஸ்டார்ஷன் வேலையை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். பெடல் அதற்கு முன்பே கீழ் ஸ்தாயிக் கொழகொழப்பைச் சீவிவிடும். ரிஃப் இறுகும்.

கே: எல்லாக் குமிழையும் முழுசாகத் திருப்பலாம் என்கிறானே நண்பன்?

ப: ஒரே ஒரு பெடலுக்கு அவன் சொல்வது வேதவாக்கு: 1983-இல் வந்த பாஸ் எச்எம்-2. ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் என்டூம்ட் குழு 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) ஆல்பத்துக்கு அப்படித்தான் திருப்பியது. மரம் அறுக்கும் ரம்பச் சத்தம் வந்தது. ஸ்வீடன் டெத் மெட்டலுக்கே அது முகவரி ஆனது.

கே: வால்வு ஆம்ப் இல்லாமல் மெட்டலா?

ப: பான்டேராவின் டைம்பேக் டேரல் ரேண்டால் டிரான்ஸிஸ்டர் ஆம்பில்தான் பேர் வாங்கினார். கேட்டவர் யாரும் உள்ளே வால்வு இருக்கிறதா என்று திறந்து பார்க்கவில்லை.

கே: நான் அடுக்குமாடிவாசி. அக்கம்பக்கம் அடிக்க வருகிறது.

ப: ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன், ஆம்ப் மென்பொருள். கேபினட் சிமுலேஷனை மட்டும் அணைக்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் வெளியே விடாது. அந்த வடிகட்டி இல்லாவிட்டால் அடி விழுவது உங்கள் காதுக்கு.

கே: எல்லாம் வாங்கிவிட்டேன். அடுத்து?

ப: மெட்ரோனோம். போனிலேயே இலவசம். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) பாடலின் ரிஃப்பை மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கீழ்வீச்சிலேயே அடிக்கிறார். நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டும் தாளம். அந்த மணிக்கட்டு எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.