ஓடாதவை ஓடுதல்: 'ரன்' என்னும் சொல் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் 'ரன்' என்றால் ஓடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள் கண்டிருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இவற்றைப் பிரித்து அடுக்கி முடிக்க ஒன்பது மாதம் ஆனது. 1989 பதிப்பில் 430 பொருளோடு முதலிடத்தில் இருந்த சொல் 'செட்'. 2011 வாக்கில் 'ரன்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த 645-இல் கால்களை வேகமாக எடுத்து வைப்பதற்கு எத்தனை பங்கு உண்டு என்பதே நம் ஆய்வுப் பொருள். கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம்: எது இருந்த இடத்தை விட்டு அசைய மறுக்கிறதோ, அதைத்தான் ஆங்கிலேயர் பெரும்பாலும் 'ஓடுகிறது' என்கிறார்கள்.

முதல் சான்று லண்டனில் கிடைக்கிறது. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் அங்கே 1952 நவம்பர் 25-ஆம் தேதி அம்பாசடர்ஸ் அரங்கில் ஓடத் தொடங்கியது. 1974-இல் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு மாறியது. பிறகு கொரோனா காலத்தில் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டது. எழுபது ஆண்டுக்கு மேல் ஓடிய இந்த நாடகம் கடந்த தூரம் எவ்வளவு? இரண்டு அரங்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள். நம் ஊர்க் கணக்கும் இப்படித்தான். 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' திரைப்படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அது ஒரு கட்டடம்கூட மாறவில்லை.

வங்கிகள் பக்கம் போனால் சான்று இன்னும் வலுக்கிறது. போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் அதன் பெயர் 'பேங்க் ரன்'. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்கு இது நேர்ந்தபோது, வாடிக்கையாளர்கள் கிளை வாசல்களில் வரிசை கட்டி மணிக்கணக்கில் நின்றார்கள். யாரும் ஓடவில்லை, ஓடினால் வரிசையில் இடம் போய்விடும். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலோர் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே இணையத்தில் செய்தார்கள்.

தேர்தலில் ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அமெரிக்க வேட்பாளர் 'ஓடுவார்'. பிரிட்டிஷ் வேட்பாளர் 'நிற்பார்'. 1921-இல் வந்த நோயால் கால் முடங்கி, துணையில்லாமல் நடக்க முடியாதிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932, 1936, 1940, 1944 என நான்கு முறை அதிபர் பதவிக்கு 'ஓடி', நான்கு முறையும் வென்றார். நல்ல காலோடு இருந்த சர்ச்சில் கடைசிவரை 'நின்றார்'. தமிழ் இதில் பிரிட்டன் கட்சி. சித்திரை வெயிலில் சந்து சந்தாக அலைந்து கும்பிடு போட்டு, கைக்குழந்தைகளுக்குப் பெயர் வைத்து, டீக்கடையில் வடை சுட்டு ஓய்ந்துபோகிற மனிதரை நாம் 'நிற்கிறார்' என்றே சொல்கிறோம்.

பிறவற்றை விரைவாகக் கடக்கலாம். மூக்கு, தறி, கணினி நிரல், புதுத்துணியின் சாயம், குத்தகைக் காலம் எல்லாமே ஆங்கிலத்தில் ஓடுகின்றன. அமெரிக்கப் பெண்களின் மெல்லிய காலுறையில் விழும் கிழிசலும் 'ரன்'. பிரிட்டனில் அதே கிழிசல் ஏணி ஆகிவிடுகிறது.

கிரிக்கெட்டிலாவது உண்மை இருக்கும் என்று நம்பியவர்களுக்கு ஒரு கணக்கு. 2013 ஏப்ரல் 23 அன்று பெங்களூரு ஐபிஎல் ஆட்டத்தில் கிறிஸ் கெயில் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். அதில் 13 பவுண்டரி, 17 சிக்சர். அதாவது 154 ரன். நூற்றுக்கு 88 பங்கு நின்ற இடத்தில் வந்தது. ஓடிச் சேர்த்தது 21. பேஸ்பால்காரர்கள் இந்த விஷயத்தில் கண்ணியமானவர்கள்: பந்து மைதானத்தைத் தாண்டிப் பறந்தாலும் நான்கு தளங்களையும் காலால் தொட்டு 360 அடி சுற்றி வந்தால்தான் ஒரு ரன்.

தமிழுக்கு இதில் சிரிக்க அதிகம் உரிமையில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆட்டோ சிக்னலில் நின்றாலும் மீட்டர் ஓடுகிறது. கிணற்றடியில் திருகி வைத்த மோட்டார் ஓடுகிறது. 'பொழப்பு எப்படிப்பா?' என்று கேட்டால் திண்ணையில் சாய்ந்திருப்பவர் 'ஏதோ ஓடுது' என்கிறார். பதறிப்போனால் மட்டும் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

ரன்னுக்காக உண்மையிலேயே ஓடிய ஒருவரைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமை பெறாது. காலில் அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலாக ஓட வரும் 'ரன்னர்' அவர். பந்தை அடிப்பவர் ஒருவர், மூச்சிரைக்க ஓடுபவர் வேறொருவர். ரன் மட்டும் அடித்தவர் பெயரில் ஏறும். 2011 அக்டோபர் முதல் ஐசிசி சர்வதேசப் போட்டிகளில் அவரையும் நீக்கிவிட்டது. மற்ற ஆட்டங்களில் கிரிக்கெட் விதிகள் அவரை இன்னும் அனுமதிக்கின்றன.