மூவாயிரம் வருட ஸ்டிக்கர்

எகிப்தின் லக்ஸரில் கூட்டத்தோடு கோவிந்தா போட வேண்டாமே என்று தனி வழிகாட்டி அமர்த்திக்கொள்வீர்கள். கார்னாக் கோயில் மண்டபத்தின் 134 தூண்களுக்கு நடுவே, உங்களைப் போலவே 'தனியாக' வந்தவர்கள் நூறு பேர் நின்றிருப்பார்கள்.

வழிகாட்டி எந்தச் சிலையைக் காட்டினாலும் 'இரண்டாம் ராம்செஸ்' என்பார். ஒரே ஆள் இத்தனையா என்று மலைக்க வேண்டாம். 66 வருடம் எகிப்தை ஆண்ட மன்னர். கட்டியதும் நிறைய, ஒட்டியதும் நிறைய. லக்ஸர் கோயிலில் இவருக்கு முந்தைய மன்னர் மூன்றாம் அமென்ஹோடெப் செய்துவைத்த சில சிலைகளிலும் இவர் பெயர்தான். அடுத்தவர் திட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் கலைக்கு வயது 3,200! பின்னால் வருகிறவன் சுரண்டிவிடக் கூடாதே என்று பெயரை ஆழமாக வெட்டவும் சொன்னார். அனுபவம் பேசுகிறது.

ஆனால் மன்னர்கள் பள்ளத்தாக்கில் அவர் கல்லறை வெள்ளத்தில் பாழானது. கொள்ளையருக்குப் பயந்து பூசாரிகள் உடலை வேறிடத்தில் ஒளித்தார்கள். 1881இல்தான் விஷயம் வெளியே வந்தது. ஊரெல்லாம் பெயர், சொந்தக் கல்லறையில் ஆளில்லை.

1976இல் மம்மியைப் பிடித்த பூஞ்சைக்கு வைத்தியம் பார்க்க, பிரெஞ்சு ராணுவ விமானத்தில் பாரிஸ் போனார். இறங்கியதும் ராணுவ மரியாதை. தனிச் சுற்றுலா என்றால் அதுவல்லவா!