வெள்ளி அண்டாவும் இரண்டு பெல்ஜியர்களும்

1904-இல் பெல்ஜியம் டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிச் சுற்று வரை போனது. எத்தனை அணிகளை ஜெயித்துப் போனார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. சரி, கேட்டுவிட்டீர்கள். ஒன்று.

கோப்பையின் பூர்வகதை இது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டுவைட் டேவிஸ் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை 1900-இல் ஆறே முக்கால் கிலோ வெள்ளியில் ஒரு அண்டா செய்து பந்தயத்துக்கு வைத்தார். பெயர் என்னவோ சர்வதேசப் போட்டி. ஆடியது அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டுமே. பங்காளிச் சண்டைக்குப் பந்தல் போட்ட மாதிரி. 1903-இல் பிரிட்டன்காரர்கள் பாஸ்டனுக்குப் போய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மறு ஆண்டு அமெரிக்கா அணியே அனுப்பவில்லை.

ஆள் இல்லாத பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தன இரண்டு புது நாடுகள்: பெல்ஜியமும் பிரான்ஸும். அந்தக் கால விதிப்படி, கோப்பையை வைத்திருப்பவர் மாப்பிள்ளை முறுக்கோடு வீட்டிலேயே இருக்கலாம். மற்றவர்கள் அடித்துக்கொண்டு, மிஞ்சியவர் வந்து சவால் விடவேண்டும். ஆக, பிரான்ஸை ஜெயித்தால் போதும், நேரே இறுதிச் சுற்று.

பெல்ஜியத்தின் மொத்தப் படையும் இரண்டு பேர்தான். ஒருவர் செவாலியே பால் டி போர்மன். (செவாலியே என்றதும் உங்களுக்கு சிவாஜி நினைவு வரும். இவருடையது நடித்து வாங்கியதல்ல, பிறந்து வாங்கியது.) இன்னொருவர் வில்லியம் லெ மேர் டி வார்ஸே. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கேம் முடிந்துவிடும். இந்த இருவரும் சேர்ந்து மாக்ஸ் டெகுஜி, பால் எமே என்ற பிரெஞ்சு ஜோடியை 3-2 என்று சாய்த்தார்கள். பால் எதிர் பால். இந்த வெற்றியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டெகுஜி பின்னாளில் பிரெஞ்சு டென்னிஸையே பல வருடம் ஆட்டிப்படைத்த ஆசாமி.

அப்புறம் விம்பிள்டனில் இறுதிச் சுற்று. இப்போதைய பிரம்மாண்டம் இல்லை. வொர்ப்பிள் சாலையில் இருந்த பழைய மைதானம். அங்கே காத்திருந்தவர்கள் யார் யார்? அந்த ஆண்டு விம்பிள்டன் பட்டத்துக்காகக் கடைசியில் மோதிய லாரி டோஹெர்ட்டி, ஃபிராங்க் ரைஸ்லி இருவரும். சில நாட்களுக்கு முன்புதான் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்கள், இப்போது தோளில் கைபோட்டுக்கொண்டு எதிரே நின்றார்கள். போதாக்குறைக்கு இரட்டையர் ஆட்டத்துக்கு லாரியின் அண்ணன் ரெஜினால்டும் வந்தார். அவர் கணக்கில் ஏற்கெனவே 4 விம்பிள்டன் ஒற்றையர் பட்டம். தம்பி கணக்கில் அந்த ஆண்டோடு 3. ரசிகர்கள் இவர்களைப் பெரிய டோ, சின்ன டோ என்று செல்லமாக அழைப்பார்கள். டி போர்மனுக்கு அந்தச் சகோதரர்களோடு டூ விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம் என்று தோன்றியிருக்கும். அவர் திரும்பவில்லை. 5-0 என்று முறைப்படி வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போனார்.

ஆனால் மனிதர் கெட்டிக்காரர். மட்டையால் பிடிக்க முடியாததை நாற்காலியால் பிடித்தார். 1913-இல் பாரிஸில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் உருவானபோது அதைத் தொடங்கிய நாடுகளில் பெல்ஜியமும் ஒன்று. பின்னாளில் அதன் தலைவராகவே உட்கார்ந்துவிட்டார் டி போர்மன். வீட்டிலும் டென்னிஸ்தான். மனைவி ஆன் ஆடினார், மகள்கள் ஜெனவியேவும் மிரியமும் ஆடினார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு நடுவே வலை கட்டியிருந்தார்களா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அண்டா விஷயத்துக்கு வருவோம். பெல்ஜியம் மறுபடி இறுதிப் போட்டிக்கு வர 111 வருடம் ஆயிற்று. 2015, கெண்ட் நகரம், சொந்த ஊர், சொந்தக் களிமண் தரை, தொண்டை கிழியக் கத்தும் சொந்த ஜனம். எதிரே பிரிட்டன். அதே பிரிட்டன். இரட்டையர் ஆட்டத்துக்கு வந்து நின்றது யார் என்கிறீர்கள்? ஓர் அண்ணன், ஒரு தம்பி. ஜேமி மர்ரி, ஆண்டி மர்ரி. 3-1 என்று முடித்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டே வருடத்தில், 2017-இல், பெல்ஜியம் இன்னொரு முறை இறுதிப் போட்டியில் ஏறியது. இந்த முறை பிரிட்டனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. பிரான்ஸின் லில் நகரில், பிரான்ஸ் காத்திருந்தது. 1904-இன் பாக்கியை 3-2 என்று அச்சு மாறாமல் வசூலித்துக்கொண்டது.