பின்னால் எதையும் விடாத எஞ்சின்: கும்மிடிப்பூண்டி மரபு நோக்கில் ஓர் ஆய்வு

விண்வெளியில் விரைந்து செல்லும் வழிகளைப் பற்றி எழுதியோர் இதுகாறும் ஹூஸ்டனையும் டிரெஸ்டனையும் பெங்களூரையுமே சான்று காட்டி வந்துள்ளனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து டீக்கடையை ஒருவரும் காட்டவில்லை. ஆய்வுலகின் இப்பெருங்குறையைக் களைய முற்படுகிறது இக்கட்டுரை.

களத் தேர்வுக்குக் காரணம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி இது. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. சூளூர்ப்பேட்டையில் இறங்கினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகாதீர்கள் என்பார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. கூரை மேல் ஏறி வடக்கே பார்க்கலாம். புகையைப் பார்த்தே ராக்கெட்டை அறிந்தவர்கள் ஆதலால், எந்த எஞ்சினைப் பற்றிச் சொன்னாலும் இவர்களின் முதற்கேள்வி, “பின்னால என்ன வருது?” என்பதே. இக்கேள்வியையே கும்மிடிப்பூண்டி மரபின் மூலச்சூத்திரமாகக் கொள்கிறோம்.

ஆய்வுமுறை: பெஞ்சில் உட்கார்தல். மாதிரி அளவு: பெஞ்சு கொள்ளும் அளவு. தகவலாளர்கள் ரோலிங் மில் ஃபிட்டர் ஒருவர், பர்னஸில் வேலை பார்க்கும் மூத்த எலெக்ட்ரீஷியன் ஒருவர். வடை போடும் கடைக்காரர் எதிலும் கலந்துகொள்ளாததால் கட்டுப்பாட்டுக் குழுவாகக் கருதப்பட்டார்.

விவாதப் பொருளாக வைக்கப்பட்டது எம்டிரைவ். பிரிட்டனைச் சேர்ந்த பொறியாளர் ரோஜர் ஷாயர் 2001 வாக்கில் முன்வைத்த கருவி. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய, முழுக்க மூடிய உலோகப் பாத்திரம். உள்ளே மைக்ரோவேவ் அலைகள் மோதித் திரும்பிக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் வராது. ஆனால் பாத்திரம் நகரும். எரிபொருளைச் சுமக்க வேண்டாம், கரண்ட் இருந்தால் போதும், செவ்வாய் பக்கத்து ஊராகிவிடும் என்றார்கள். 2016இல் நாசாவின் ஹூஸ்டன் மையத்தைச் சேர்ந்த ஹரால்டு வைட் குழு, வெற்றிடத்தில் சோதித்து, ஒரு கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் தள்ளுவிசை கிடைத்ததாகக் கட்டுரையே வெளியிட்டது.

இதைக் கேட்ட ஃபிட்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அண்ணே, பின்னால ஒண்ணுமே வரலன்னா அது எப்படிண்ணே முன்னால போவும்?”

எலெக்ட்ரீஷியன் அண்ணன் அவசரப்படவில்லை. “மொதல்ல கேபிளைப் பாரு தம்பி. அப்புறம் சூட்டைப் பாரு. ரெண்டும் சரியா இருந்து, அதுக்கு மேலயும் முள்ளு ஆடுச்சுன்னா அப்ப நியூட்டனைத் தப்புன்னு சொல்லு.”

இக்கூற்றின் அருமை அறிய வேண்டுமானால் டிரெஸ்டன் வரை போக வேண்டும். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டாய்மர் குழுவினர் 2018இல் இதே கருவியைப் பரிசோதித்தனர். பாத்திரத்துக்குள் போகும் மைக்ரோவேவை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்ட பிறகும் அளவுமானி தள்ளுவிசையைக் காட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் கொண்டுபோன கேபிள் பூமியின் காந்தப்புலத்தோடு சேர்ந்து செய்த வேலை என்று சந்தேகித்தார்கள். 2021இல் மேலும் துல்லியமாக அளந்தபோது விசையே இல்லை. முன்பு தெரிந்தது சூட்டில் பாகங்கள் விரிந்ததால் வந்த மயக்கம் என்று முடித்தார்கள். முதலில் கேபிள், அடுத்து சூடு. வரிசைகூட மாறவில்லை. இருபதாண்டு காலம் மேலைநாடுகள் தேடிய விடை ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் தயாராக இருந்தது என்பதை ஆய்வாளர் தக்க பெருமிதத்துடன் பதிவு செய்கிறார்.

கோட்பாட்டளவிலும் இம்மரபு வலுவுடையது. சென்னை செல்லும் லோக்கல், எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் நிற்கும்போது, பெட்டிக்குள் இருக்கும் அத்தனை பேரும் முன்சுவரைத் தள்ளினாலும் ரயில் நகராது. மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவின் நிலையும் அஃதே. மாறாக, படியில் தொங்குபவர் பின்னால் இருப்பவரை முழங்கையால் ஓர் இடி இடித்தால் ஓரடி உள்ளே போய்விடுகிறார். நியூட்டன் இதை 1687இல் அச்சிட்டார். பொன்னேரியில் ஏறுபவர்கள் நாள்தோறும் மெய்ப்பிக்கிறார்கள்.

அடுத்து, பின்னால் ஏதோ ஒன்றை உண்மையாகவே விடும் எஞ்சின். செனான் வாயுவை அயனியாக்கி மின்சாரத்தால் விரட்டுவது. சாதாரண ராக்கெட்டின் புகை நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். இதிலோ பதினைந்துக்கும் மேல். ஆகவே கொஞ்ச வாயுவை வைத்து நெடுங்காலம் ஓட்டலாம். பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2017 மே 5 அன்று போன தெற்காசியச் செயற்கைக்கோளில் இவ்வகை உந்தி இருந்தது. 300 மில்லிநியூட்டன் உந்தியை 1,000 மணி நேரம் ஓட்டிச் சோதித்ததாக 2025 மார்ச்சில் இஸ்ரோ அறிவித்தது, தின்றது 5.4 கிலோவாட்.

300 மில்லிநியூட்டன் என்பது உள்ளங்கையில் ஒரு மசால்வடை வைத்தால் அழுத்தும் விசை. கடைக்காரர் இங்கே முதன்முறையாக வாய் திறந்து, தன் வடை அதைவிடப் பெரிது என்றார். ஆட்சேபணை குறித்துக்கொள்ளப்பட்டது, ஏற்கப்படவில்லை. இதையும்விட இளைத்த 90 மில்லிநியூட்டனை வைத்துத்தான் நாசாவின் டான் விண்கலம் வெஸ்டாவுக்கும் சீரிஸுக்கும் போய்ச் சேர்ந்தது. பூஜ்யத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகம் எட்ட அதற்கு நான்கு நாள் ஆகும். ஆனால் விடாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளும்.

இதனை உள்ளூர்ப் பயன்பாட்டுக்குக் கொணர இயலுமா என்பதே எஞ்சிய வினா. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். லோக்கலின் எடை 500 டன் எனவும், உராய்வும் காற்றும் அறவே இல்லை எனவும் கொள்வோம் (இத்தகைய கொள்ளல்கள் ஆய்வுலகில் மரபே). இஸ்ரோவின் ஓர் உந்தியைக் கடைசிப் பெட்டியில் கட்டினால், பயண நேரம் சற்றேறக்குறைய 4 நாள் 15 மணி. சென்ட்ரலில் நுழையும்போது வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஓடும்போதே கைக்குழந்தையோடு இறங்கிக்கொள்ளலாம்.

முடிவுகள் பெஞ்சில் வாசிக்கப்பட்டன. நடுவில் எந்த எக்ஸ்பிரஸுக்கும் வழிவிட்டு நிற்காது என்று ரயில்வே எழுதிக் கொடுத்தால், இப்போதே சீசன் டிக்கெட் எடுக்கத் தயார் என்றார் ஃபிட்டர்.