மூணாற்றிலிருந்து துபாய்: ஆகாயத் தூரமும் அடிமாலித் தூரமும்

1. ஆய்வுச் சிக்கல்
நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு வான்வழியே ஏறத்தாழ 2,800 கி.மீ.; பறக்கும் நேரம் 4 மணி. மூணாறு எஸ்டேட் லயத்தில் பெட்டி கட்டுகிறவருக்கு இது பாதிக் கணக்குதான். இடுக்கி மாவட்டத்தில் ரயிலும் இல்லை, பயணிகள் விமான நிலையமும் இல்லை. மூணாற்றிலிருந்து நெடும்பாசேரிக்கு அடிமாலி, நேரியமங்கலம் வழியாகச் சுமார் 110 கி.மீ.; அதற்கும் 4 மணி. ஆகவே முதல் தேற்றம்: 110 = 2,800.

2. ஒப்பீட்டு மாதிரி
பாலக்காட்டிலிருந்தும் நெடும்பாசேரி கிட்டத்தட்ட அதே தூரம்தான். 2021-இல் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு இரண்டரை மணியில் போய்விடலாம். காரணம் எளிது: மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஒதுங்கி வழிவிட்டது, இடுக்கியில் 2,695 மீட்டர் ஆனைமுடியாக எழுந்து நின்றுகொண்டது. பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்துக்காரருக்கு இந்தக் கவலையும் இல்லை. எல்லையைத் தாண்டினால் கோவை பீளமேடு விமான நிலையம்.

3. மாறிகள்
(அ) மழைக்கால மண்சரிவு.
(ஆ) சீயப்பாறை அருவியைக் கண்டதும் நடுரோட்டில் காரை நிறுத்திச் செல்ஃபி எடுப்போர்.
(இ) படையப்பா. மூணாற்றின் புகழ்பெற்ற இந்தக் கொம்பன் யானை சாலைக்கு வந்துவிட்டால் பஸ் நிற்கும், ஹாரன் அடிக்கக்கூடாது, அவராக நகர வேண்டும். ‘படையப்பா’ படம் வந்ததும் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்ததும் 1999-இல்தான். இது தற்செயலா என்பதை ஆய்வுலகம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

4. கடிகார முரண்
துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பும் விமானம் அங்கே 6.30-க்கு இறங்கும். கடிகாரம் காட்டுவது இரண்டரை மணிதான். இதிலிருந்து இரண்டாம் தேற்றம்: நெடும்பாசேரிக்கு மூணாற்றைவிடத் துபாயே பக்கம். திரும்பி வரும்போது அந்த ஒன்றரை மணியைப் பிடித்தம் செய்துகொள்வார்கள் என்பதால் இத்தேற்றம் போகும் வழிக்கு மட்டுமே செல்லும்.

5. மறுப்பும் விடையும்
“இடுக்கியில்தான் விமான ஓடுதளம் இருக்கிறதே?” என்று சிலர் மடக்கலாம். உண்மை. வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற ஊரில் என்.சி.சி.க்காக 650 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. 2022 டிசம்பரில் அதில் விமானம் இறங்கியும் காட்டியது. இருவர் அமரும் சிறு விமானம் அது. ஒருவர் விமானி. மிச்சமிருக்கும் இருக்கையில் பயணி உட்காரலாம். அவருடைய 30 கிலோ பெட்டி பஸ்ஸில்தான் வர வேண்டும்.

6. பரிந்துரை
விமானத்தில் ஒவ்வோர் இருக்கைக்கு முன்னாலும் ஒரு வாந்திப் பை செருகியிருக்கிறது. 2,800 கி.மீ. பயணத்தில் அதைத் தொடுவார் அரிது. அடிமாலி இறக்கத்திலோ, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக் கிடக்கும் பயணிக்குப் பஸ்ஸில் ஜன்னலைத் தவிர வேறு வசதி கிடையாது. எனவே விமான நிறுவனங்கள் அந்தப் பைகளை மூணாறு பஸ் ஸ்டாண்டிலேயே விநியோகிக்க வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. ஜன்னலோரம் கிடைக்காதவர்களுக்கு இரண்டு.