வெயிலறிந்த சுவர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு மத்தியான வெயில் வெளியில்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. தடித்த செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கதவுக்கு மேலே காற்றுத் துளைகள். கரப்பான் வருகிறதென்று அம்மா அட்டையால் அடைக்கப் போனால் அப்பா விடமாட்டார். “அத அடைக்காத, சூடு அந்த வழியாத்தான் போவுது.”

அப்படிக் கட்டும் பழக்கம் பட்டறிவில் வந்தது. 1881இல், ஒரே ஆண்டில், தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரமும் அத்தாப்பும் இனி உதவாது என்று கண்ட பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். அதற்கான சூளைகள் எங்கள் வட்டாரத்தில்தான் எரிந்தன. கடைவீடுகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதை வந்தது. நடப்பவர் மழையில் நனையவில்லை. கடைச் சுவரும் வெயிலில் காயவில்லை.

நூறு குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அதே வட்டாரத்தில் இன்று சின்னம்மா மகள் குடியிருக்கும் கொண்டோவில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. நாலு மணி ஆனால் திரையை இழுத்துவிட்டு ஏர்கோனைப் போடுகிறாள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. உச்சி வெயில் கூரையில் விழும். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயில் ஆண்டு முழுக்கக் கிழக்கு, மேற்குச் சுவர்களைத் தாக்கும். கண்ணாடி வழியே புகுந்து தரையில் ஏறிய சூடு எளிதில் வெளியேறாது. அதனால் உள்ளே தொங்கும் திரையால் பயன் குறைவு. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும்.

இது தெரிந்து கட்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 1992இல் சுபாங் ஜெயாவில் கென் யாங் வடிவமைத்த மெனாரா மெசினியாகா கோபுரத்தில் லிப்டும் படிக்கட்டும் கிழக்குப் பக்கம் நின்று காலை வெயிலைத் தாங்குகின்றன. வெயில் படும் ஜன்னல்களுக்கு வெளியே நிழல் தடுப்புகள். புத்ராஜெயாவின் எரிசக்தி ஆணையக் கட்டடத்தில் கண்ணாடிச் சுவர்கள் மேலிருந்து கீழாக 25 பாகை உட்சாய்ந்து தமக்குத் தாமே நிழல் தருகின்றன. எம்எஸ் 1525 என்ற மலேசியத் தரவிதி, வெளிச்சுவர் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அது குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கானது. ராத்திரி மின்கட்டணத்தை எண்ணி ஏர்கோனை அணைக்கிற அடுக்குமாடிக் குடும்பத்துக்குத்தான் அந்தக் காப்பு அதிகம் தேவை.

சுவரின் வேலை வெயிலைத் தடுப்பதோடு முடிவதில்லை; தீயையும் வெள்ளத்தையும் தாங்க வேண்டும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரம் தீப்பற்றி 72 பேர் மாண்டார்கள். வெளிச்சுவரில் பொருத்திய பலகைகளில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்த பாலிஎத்திலீன் தீயை மாடி மாடியாக ஏற்றியது. மறு ஆண்டு பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதிக் கட்டடத்தின் வெளிப்பலகைகள் பற்றி எரிந்ததைப் பார்த்தோம். 2021 டிசம்பர் வெள்ளம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வீடுகளுக்குள் புகுந்தது. செங்கல் சுவரைக் கழுவிக் காயவைக்கலாம். ஜிப்சம் பலகை ஊறி உதிர்ந்துவிடும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். மேற்கில் எவ்வளவு கண்ணாடி? அதற்கு வெளியே நிழல் உண்டா? வெளிப்பலகையின் நடுவில் என்ன இருக்கிறது? தண்ணீர் ஏறினால் தரைத்தளச் சுவர் தாங்குமா? பதில் வராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.